“படிப்பு ஏறாது” என்று சொன்னது யார்?



பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. அட்டை போட்ட புத்தகம், புதுச் செருப்பு, அளவு கொஞ்சம் பெரிதாகத் தைத்த சீருடை என்று பிள்ளைகள் தெருவில் போவதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்த ஜூன் மாதத்தில் பங்கு இல்லத்திற்கு வருகிற பெற்றோர் பலரிடமிருந்து ஆண்டுதோறும் நான் கேட்கிற ஒரு வார்த்தை உண்டு. “சாமி, மூத்தது நல்லா படிக்கும். இவனுக்குத்தான் படிப்பு ஏறாது.” அந்தப் பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

படிப்பு ஏறாது என்ற தீர்ப்பை முதலில் எழுதியது யார்? பெற்றோர் அதை ஏன் இவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்காகவே தம் வாழ்வைச் செலவழித்த ஒரு பங்குக்குரு இத்தாலி நாட்டில் இருந்தார். அவர் பெயர் லொரென்சோ மிலானி. இத்தாலியில் மறைமாவட்டக் குருக்களின் பெயருக்கு முன்னால் ‘தொன்’ என்று சேர்த்து அழைப்பார்கள். தொன் போஸ்கோ என்ற பெயரால் நமக்கும் பழகிய சொல்தான். தொன் மிலானி இறந்தது 1967 ஜூன் 26. அந்த நினைவுநாள் இந்த மாதத்தில் வருவதால் இன்று அவரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

அவர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. 1923இல் புளோரன்ஸ் நகரத்தில் வசதியும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். கொள்ளுத்தாத்தா தொமெனிக்கோ கொம்பரெத்தி ஐரோப்பா அறிந்த மொழி அறிஞர். தாத்தா தொல்லியல் அறிஞர். தாய் யூத குலத்தைச் சேர்ந்தவர். வீட்டில் புத்தகத்திற்குக் குறைவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை. பக்திதான் இல்லை. ஓவியம் படிக்கப் போன இளைஞர், இருபதாவது வயதில், 1943இல், மனம் மாறிக் குருமடத்தில் சேர்ந்தார். 1947இல் குருவாக அருட்பொழிவு பெற்றார்.

இந்தக் குடும்பக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து வயதில் ஒரு பிள்ளை பள்ளிக்குள் நுழையும்போதே பையில் என்ன கொண்டு வருகிறது என்பதை மிலானி தம் சொந்த வாழ்விலேயே அறிந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மாமாவும் விவாதிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ஆயிரக்கணக்கான சொற்களை முன்கூட்டியே சேர்த்துவைத்திருக்கிறது. ஆசிரியர் வாயைத் திறந்ததும் அதற்குப் புரிந்துவிடுகிறது. “கெட்டிக்காரன்” என்று பெயரும் வாங்கிவிடுகிறது. அது மூளையின் கெட்டிக்காரத்தனமா, வீட்டிலிருந்து வந்த சீதனமா என்று யாரும் கேட்பதில்லை.

குருவானதும் அவரை உதவிப் பங்குக்குருவாக அனுப்பிய இடம் சான் தொனாத்தோ தி கலென்சானோ. நெசவாலைத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் நிறைந்த ஊர். அங்கே அவர் கண்டது மறையுரை ஆற்றுகிற என்னைப் போன்றவர்களுக்கு உறைக்க வேண்டிய ஒன்று. மக்கள் பூசைக்கு வந்தார்கள், ஊர்வலத்திற்கு வந்தார்கள், பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்பினார்கள். ஆனால் குருவானவர் பேசிய சொற்களில் பாதி அவர்களுக்குப் புரியவில்லை. புரியாத சொல்லால் நம்பிக்கையை எப்படி ஊட்டுவது? மொழி இல்லாதவனுக்கு நற்செய்தியும் சேராது, நாளிதழும் சேராது, முதலாளி நீட்டுகிற ஒப்பந்தத் தாளும் விளங்காது என்ற முடிவுக்கு வந்தார். உழைக்கும் இளைஞருக்காக ஓர் இரவுப் பள்ளி தொடங்கினார். கட்சி வேறுபாடு பார்க்காமல் எல்லாரும் வரட்டும் என்று வகுப்பறைச் சுவரிலிருந்து சிலுவையையே எடுத்துவிட்டார். இதைக் கேட்டு உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். அன்றும் பலர் சுளித்தார்கள். சிலுவையை அவர் ஒளிக்கவில்லை. சுவரில் தொங்குவதைப் பார்த்துத் தம்மை அறிய வேண்டாம், தாம் செய்வதைப் பார்த்து அறியட்டும் என்று எண்ணினார்.

உடன் குருக்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் அவரோடு ஒத்துப்போகவில்லை. 1954 டிசம்பரில், முஜெல்லோ மலைப்பகுதியில் பார்பியானா என்ற இடத்திற்கு மாற்றினார்கள். ஊர் என்று சொல்வதுகூட மிகை. ஒரு கோயில், ஒரு பங்கு இல்லம், காட்டுக்குள் சிதறிக் கிடந்த சில வீடுகள், நூற்றுச் சொச்சம் மக்கள், அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, வண்டி போகிற சாலையும் இல்லை. மூடிவிடலாம் என்று இருந்த பங்கு அது. இதற்குள் அவர் எழுதிக்கொண்டிருந்த ‘மேய்ப்புப்பணி அனுபவங்கள்’ என்ற நூல் 1958இல் வெளிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறும்படி உரோமையிலிருந்து ஆணை வந்தது. அவர் கீழ்ப்படிந்தார், ஆனால் பள்ளியை விடவில்லை.

பார்பியானா பள்ளி பங்கு இல்லத்தின் அறைகளில் நடந்தது. மேசை நாற்காலிகளைப் பிள்ளைகளே செய்தார்கள். ஞாயிறு உட்பட ஆண்டின் எல்லா நாளும், காலை முதல் மாலை இருட்டும்வரை வகுப்பு. விடுமுறை கிடையாது, விளையாட்டு நேரமும் கிடையாது. (இந்த இடத்தில் எனக்குத் தொன் மிலானியோடு உடன்பாடில்லை. பிள்ளைகள் ஓடியாட வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லாத நேரம் என்றால் ஆட்டுக்கொட்டகையில் சாணம் அள்ளும் நேரம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியே மேல் என்று அவர்கள் ஓடிவந்ததில் வியப்பில்லை.) ஒவ்வொரு நாளும் செய்தித்தாளை உரக்கப் படித்தார்கள். ஒரு சொல் புரியாவிட்டால் அங்கேயே நிறுத்தி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அலசினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவனுக்கு விளங்கவில்லை என்றால் விளங்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். காணாமற்போன ஆட்டின் உவமையை நாம் எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். ஆடு மேய்க்கிறவர்களின் பிள்ளைகள் படித்த அந்த வகுப்பறையில் அது அன்றாடப் பாடத்திட்டமாகவே இருந்தது. சுவரில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தன: ‘ஐ கேர்’. எனக்கு அக்கறை உண்டு என்று பொருள். “எனக்கென்ன வந்தது” என்பதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த பாசிசக் காலத்துக்கு மறுமொழியாக அதை எழுதிவைத்தார்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம்.

இத்தாலியில் அதுவரை ஐந்தாம் வகுப்போடு பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதி மேற்படிப்புக்கு, மறு பகுதி கைத்தொழிலுக்கு. 1962இல் வந்த சட்டம் அதை மாற்றி, பதினான்கு வயதுவரை எல்லாருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்று ஆக்கியது. நல்ல சட்டம். ஆனால் பிள்ளைகளைத் தோல்வியுறச் செய்து அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் பழக்கம் போகவில்லை. இரண்டு முறை தவறியவன் தானாகவே நின்றுவிடுவான். கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது, உள்ளே போனவர்களில் யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பார்பியானாவிலிருந்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போன பையன்களும் அங்கே தேர்வில் தோற்கடிக்கப்பட்டுத் திரும்பினார்கள்.

அவர்களில் எட்டுப் பேர் உட்கார்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்கள். கடிதம் ஒரு நூலாக வளர்ந்தது. ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற பெயரில் 1967 மே மாதம் வெளியானது. அவர்கள் எழுதிய முறையை நம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவனும் சட்டைப்பையில் சிறு குறிப்பேடு வைத்திருப்பான். ஏதாவது தோன்றினால் ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு கருத்தை எழுதுவான். பிறகு எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்துக் குவியலாக்குவார்கள். ஒவ்வொரு குவியலும் ஓர் அதிகாரம். அதன்பின் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, தேவையில்லாத சொல்லை வெட்டுவார்கள். கடினமான சொல்லுக்குப் பதில் எளிய சொல்லைத் தேடுவார்கள். வெளியாட்களை அழைத்து வாசிக்கச் சொல்லுவார்கள், படிக்காதவர் ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அந்த இடத்தை மாற்றுவார்கள். ஆலயத்தில் போதகர் நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருந்த பன்னிரண்டு வயது இயேசுவைத்தான் எனக்கு நினைக்கத் தோன்றுகிறது. பிள்ளைகள் கேள்வி கேட்பதை அவமரியாதை என்று எண்ணாத வகுப்பறை அது.

அந்த நூலில் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். மருத்துவரின் மகன் பியரினோ, ஏழை வீட்டு ஜான்னி. பியரினோ எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டே பள்ளிக்கு வருகிறான், ஒரு வகுப்பைத் தாண்டியும் விடுகிறான். ஜான்னி பதினான்கு வயதில் தோல்வி முத்திரையோடு பார்பியானாவுக்கு வருகிறான். இத்தாலிய மொழியில் ‘உடையவன்’ என்று பொருள்படும் வினைச்சொல்லின் சில வடிவங்களுக்கு முன்னால், உச்சரிப்பில் ஒலிக்காத ஓர் எழுத்தைப் போட வேண்டும். ஜான்னிக்கு அது வரவேயில்லை. நம்மூரில் வல்லினம் எங்கே மிகும் என்று தெரியாமல் சிவப்பு மையில் நனைகிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜான்னிக்கு வேலை தெரியும், ஊர் விவகாரம் தெரியும், பெரியவர்களோடு பேசத் தெரியும். அதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை.

உடற்பயிற்சித் தேர்வைப் பற்றிய பகுதி எனக்கு மறக்காதது. மலைப்பிள்ளைகள் முன்னால் ஒரு கூடைப்பந்தைப் போட்டு விளையாடச் சொன்னார்கள். அவர்கள் அந்த விளையாட்டைக் கண்டதே இல்லை, விழித்தார்கள். அதே பிள்ளைகள் கோடரியோடு உயர்ந்த மரத்தில் ஏறி, பெரிய கிளையை வெட்டி, பனியில் இழுத்துக்கொண்டு வீடு சேர்ப்பவர்கள். இலக்கியத் தேர்விலும் இப்படித்தான். ஹோமரின் காவியத்தை, அன்று யாரும் பேசாத பழஞ்சொற்கள் நிறைந்த மொழிபெயர்ப்பில் படிக்கச் சொன்னார்கள். செய்தித்தாளை எப்படி வாசிப்பது என்றோ கூலி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றோ யாரும் சொல்லித்தரவில்லை.

நூலின் தலைப்பு ஆசிரியைக்கு என்றிருந்தாலும், அது பெற்றோருக்காகவே எழுதப்பட்டது என்பதை அந்தப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்கள் தங்கள் வீடுகளில் பார்த்தது இதுதான்: பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. தாய் இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு போகிறாள். ஆசிரியை மரியாதையாக நாற்காலி தருகிறார், மதிப்பெண் பதிவேட்டைக் காட்டுகிறார். தாய்க்கு அந்த மரியாதையே பெரிதாகிவிடுகிறது. நம் பிள்ளைக்கு மூளை இவ்வளவுதான் போலும், நம்மைப்போல் காட்டுவேலைக்கு வரட்டும் என்று எண்ணிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். தீர்ப்பு சொன்னவர் நல்லவராக இருந்தார், ஆகவே தீர்ப்பும் நல்லதாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது.

அன்பார்ந்தவர்களே, அந்தத் தாயை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைப்பதில்லை. அதனால் வடிகட்டும் வேலை ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட வேண்டுமே. ஒன்பதின் முடிவில் பெற்றோரை அழைத்து, “வேறு எங்காவது சேர்த்துப் பாருங்கள்” என்று பணிவாகச் சொல்லி டி.சி. கொடுத்துவிடுகிறார்கள். திருச்சபை நடத்துகிற பள்ளிகள் எல்லாம் இதற்கு விலக்கு என்று இந்த ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து சொல்ல எனக்கு நா எழவில்லை. கொத்தனார் ஒருவர் தம் மகனோடு வந்தார், கையில் டி.சி. பையனுக்குக் கணக்கு வராதாம். பேசிப் பார்த்தேன். ஒரு மூட்டை சிமெண்டுக்குப் பூச்சுவேலை என்றால் எத்தனை சட்டி மணல், கான்கிரீட் என்றால் எத்தனை என்று தயங்காமல் சொன்னான். அதற்குப் பெயர்தான் விகிதம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. “இவனுக்கு இவ்வளவுதான் சாமி” என்றார் தகப்பனார், பெருந்தன்மையோடு. அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பயமாக இருந்தது.

நம் பங்கில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தக் கடிதம் ஆசிரியர்களிடம் நியாயமாக நடந்துகொண்டது என்று நான் சொல்லமாட்டேன். காயப்பட்ட பிள்ளைகளின் கோபம் அதில் இருக்கிறது, சில இடங்களில் அளவு மீறியும் இருக்கிறது. ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர், அதற்குமேல் பதிவேடு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று நீங்கள் சுமப்பதை நான் அறிவேன். மிலானியிடம் இருந்தது சில பிள்ளைகளும் நாள் முழுவதும் உள்ள நேரமும். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் கேட்ட மூன்றும் இன்றும் கேட்கத்தக்கவையே: தோல்வியுறச் செய்யாதீர்கள், மந்தமாகத் தெரிகிறவனுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள், சோம்பேறியாகத் தெரிகிறவனுக்குப் படிப்பதற்கு ஒரு நோக்கத்தைக் காட்டுங்கள். முதல் வேண்டுகோளை நம் மாநிலம் எட்டாம் வகுப்புவரை நிறைவேற்றியிருக்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால், எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்கிறான். பழி மறுபடியும் அவன் தலையில்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நமக்கே எழுத்து சரியாகத் தெரியாது, நாம் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டாம். பிள்ளையை வைத்துப் பாடம் கேளுங்கள். இரவு சாப்பிட்டு முடித்ததும் செய்தித்தாளில் ஒரு செய்தியை, இல்லாவிட்டால் இந்தப் பங்கு மடலையே, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல் வந்தால், “அப்படின்னா என்னடா?” என்று கேளுங்கள். அவனுக்கும் தெரியாவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். தொலைக்காட்சியை அந்த அரைமணி நேரம் நிறுத்தினால் வீடு ஒன்றும் இடிந்துவிடாது. நீங்கள் செய்கிற தொழிலின் சொற்களையும் அவனுக்குச் சொல்லுங்கள். வலை, தறி, கரணை, எதுவானாலும் அவை தாழ்ந்த சொற்கள் அல்ல. பள்ளியில் அழைத்தால் பயப்படாமல் போங்கள். மரியாதையாகவே கேளுங்கள்: எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் இவன் நின்றுவிட்டான்? அதைப் பிடிக்க என்ன செய்யப் போகிறோம்? “படிப்பு ஏறாது” என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. நல்ல ஆசிரியர் இந்தக் கேள்வியை வரவேற்பார். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலு பெற்றோர் சேர்ந்து போங்கள். அந்த நூல் பெற்றோருக்குச் சொன்னதும் ஒன்றுசேருங்கள் என்பதுதான்.

பார்பியானாவில் தொன் மிலானியோடு பங்கு இல்லத்திலேயே வளர்ந்த பிள்ளைகளில் மிகேலெ ஜெசுவால்தி என்பவர் தொழிற்சங்கத் தலைவராகி, பின்னாளில் புளோரன்ஸ் மாகாணத்தின் தலைவராகவும் இருந்தார். வேறு பலர் தொழிற்சங்கப் பணிக்குப் போனார்கள். அதிகமும் மேடைப் பெருமை இல்லாத வேலைகள்.

நூல் வெளியானபோது தொன் மிலானி நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். அடுத்த மாதமே புளோரன்சில் தாயின் வீட்டில் இறந்தார். வயது 44. திரும்பப் பெறப்பட்ட அவருடைய நூலின் மீதிருந்த தடை நீங்கிவிட்டதாக உரோமை 2014இல் தெரிவித்தது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மலைக்குப் போய், அவர் கல்லறையின் முன் அமைதியாக நின்று மன்றாடினார். அந்தக் கல்லறைக்கான நிலத்தை மிலானி பார்பியானாவுக்கு வந்து சேர்ந்த மறுநாளே கீழே இறங்கிப் போய் வாங்கிவைத்திருந்தார். இந்த மக்களை விட்டுப் போகப்போவதில்லை என்று முதல் நாளிலேயே முடிவு செய்துவிட்டார் போலும். அடக்கம் செய்தபோது திருவழிபாட்டு உடையை அணிவித்து, காலில் மலைப்பாதையில் நடக்கிற கனத்த பூட்ஸைப் போட்டு, அந்த இடத்திலேயே வைத்தார்கள்.